முதலில் இறங்குவது

நாள் பார்க்க வேண்டியதில்லை.
மொன்றியால் நகரமே பார்த்து வைத்திருக்கிறது:
ஜூலை ஒன்று.
பாதி ஊர் அன்றைக்குத்தான் வீடு மாறும்.
வாடகைத் தாள்கள் முந்தின இரவோடு காலாவதி.

பிப்ரவரியில், ஜன்னலின் பாதிவரை பனி ஏறியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை
எத்தியேனும் நானும் பேசி முடித்துவிட்டோம்.
சண்டை இல்லை. சூப் ஆறிப்போனது, அவ்வளவுதான்.
அதன் பிறகு ஐந்து மாதம்
அதே சமையலறை, சரியாக விழாத அதே குளியலறைத் தாழ்ப்பாள்,
பிரிந்தவர்கள்போல் நடந்துகொள்ள
இடம் போதாத வீடு.

மார்ச்சில் லாரி தேடினோம்.
நாலு கம்பெனிக்காரர்கள் சிரித்தே விட்டார்கள்.
ஐந்தாவது ஆள், ஒக்தாவ், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:
ஒரு வண்டி இருக்கு. காலை ஆறு மணி.
இரண்டு இடத்தில் இறக்கணும் என்றால் எண்பது டாலர் கூட.
சரி என்றோம், ஒரே குரலில்.
அது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அட்டவணை நான்தான் போட்டேன்.
சிரித்துவிட்டு அவன் அதை ஃபிரிட்ஜில் ஒட்டினான்.
ஏப்ரல்: புத்தகங்கள், சின்னப் பெட்டிகளில்.
பெரிய பெட்டியில் புத்தகம் அடுக்குகிறவர்
தூக்கப் போகிறவரை நினைத்துப் பார்க்காதவர்.
ஏப்ரல் கடைசி: குளிர்கோட்டுகள்.
கட்டிய மறுநாள் பனி கொட்டியது. அவிழ்த்தோம்.
மே: மது பாட்டில் வந்த அட்டைப்பெட்டி, உள்ளே தடுப்பு உள்ளது,
கண்ணாடி டம்ளர்களுக்கு.
வாழைப்பழப் பெட்டி வேண்டாம், அடியில் ஓட்டை
என்று கீழ்வீட்டு மதாம் பெலாஞ்சே படியேறி வந்து சொன்னார்,
சொல்லிவிட்டு எங்கள் இருவர் முகத்தையும்
மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மஞ்சள் ஒட்டுநாடா எனக்கு, நீலம் அவனுக்கு.
ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பார்கள்.
எங்களிடம் ஒட்டு மட்டும் எட்டுச் சுருள் இருந்தது.

கெட்டில் கடைசிவரை வெளியேதான்.
காலையில் காபி வேண்டுமே.
அதற்கு எந்த நிறம் என்று பிறகு பார்க்கலாம்.

வெர்தனில் அவன் வீட்டுச் சாவி பத்து மணிக்கே கிடைக்கும்.
ரோஸ்மோனில் எனக்கு வரவேண்டிய வீட்டில் இருப்பவள்
நாலு மணிக்குத்தான் கிளம்புவாள்,
அவள் போகிற வீட்டில் இருப்பவர்
இன்னும் ஒரு கரண்டிகூடக் கட்டவில்லையாம்.
ஆகவே முதலில் இறங்குவது அவன்.
முதலில் இறங்குவது கடைசியில் ஏறவேண்டும்.
என் பொருளெல்லாம் உள்ளே, இருட்டில்.
அவனுடையது அதற்கு முன்னால், கதவைத் தொட்டுக்கொண்டு.
பென்சிலால் வரைந்து பார்த்தேன்.
இரண்டு முறை அழித்தேன்.

அன்று முப்பத்திரண்டு டிகிரி.
தெருவெங்கும் சோபாக்கள், கால் மேலே கிடந்த நாற்காலிகள்.
சுருண்டிறங்கும் இரும்புப் படியில்
ஃபிரிட்ஜை அவன் கீழிருந்து தாங்க, நான் மேலிருந்து வாரைப் பிடிக்க,
இடது, இன்னும் இடது, நில்
என்று ஏழு வருடத்தில் இவ்வளவு தெளிவாக
நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
நடைபாதையில் எங்கள் வீட்டுக்கு வரப்போகிற இருவர்
தங்கள் செடித்தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து
டோநட் தின்றுகொண்டிருந்தார்கள்,
எங்களைப் பார்க்காத மாதிரி.

வெர்தனில் நீலமெல்லாம் இறங்கியது.
பாதி வண்டி காலி.
அட்டவணையில் இதற்கு ஒரு வரி இல்லை:
முன்னால் முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லாத பெட்டிகள்
திருப்பத்தில் என்ன செய்யும்?
எத்தியேன் மறுபடி ஏறினான்.
பக்கச் சட்டத்தில் கயிற்றை மாட்டி இழுத்து
நாலு முடிச்சுப் போட்டான்.
நாலாவதை அவிழ்த்துத் திரும்பப் போட்டான்.
நான் ஓட்டுநர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.
கதவு மூடும் சத்தம். வண்டியின் முதுகில் இரண்டு தட்டு.

ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் ஏதோ ஒன்று
சறுக்கிப் போய், தட்டி, திரும்பி வந்தது.
பெட்டிகள் இல்லை, இது உலோகம்.
ஷெர்புரூக் தெருவைத் தாண்டும்போது ஒக்தாவ் கேட்டார்:
எதையாவது கட்டாமல் விட்டீர்களா?
கட்டி முடித்த பிறகு வைத்திருக்கிறான் என்றேன்.
கெட்டில்தான்.
மூடி தனியாக உருண்டுகொண்டிருந்தது.