கோடெக் இல்லை

ரெக்சலின் பென் டிரைவை நீட்டும்போது
மணி ஒன்பதுகூட ஆகவில்லை.
ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது,
அடியில் குனிந்து வந்தாள்.
கொழுந்தன் ஏற்றித் தந்தானாம்,
அவனுக்குப் பாம்பனிலிருந்து யாரோ,
அந்த யாரோவுக்கு இன்னொரு யாரோ.

கோப்பின் பெயர் மட்டும் ஒரு முழம்:
தங்கச்சிமடம் ஆறு மீனவர் சிறையில் கண்ணீர் முழு வீடியோ.
தட்டினேன்.
கறுப்பு.
கறுப்பின் நடுவே மஞ்சள் பெட்டி:
இந்தப் படத்தைக் காண உங்களிடம் கோடெக் இல்லை.
கீழே பச்சையில் ஒரு பொத்தான்,
பதிவிறக்கு.

"அத அமுக்குங்கக்கா."

போன மாசியில் ஒருமுறை அமுக்கியிருக்கிறேன்.
கல்யாண வீடியோ என்று ஒருத்தர் கொண்டுவந்தது,
இதே மஞ்சள், இதே பச்சை.
விடிந்து பார்த்தால் கடையின் எல்லாக் கோப்புக்கும்
வாலில் தெரியாத நான்கெழுத்து முளைத்திருந்தது.
நலவாரியத்துக்கு ஸ்கேன் செய்து வைத்த
முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்
திறக்க மறுத்தார்கள்.
வீடு வீடாய்ப் போய் மறுபடி ஆதார் வாங்கினேன்.
சங்கு குளிக்கிற மலுக்கு முகமது கேட்டார்,
"எம் மூஞ்சியத் தொலைச்சிட்டியாமே."

ஆகவே அமுக்கவில்லை.
ஆரஞ்சுக் கூம்பு போட்ட பிளேயரில் போட்டேன்.
எதைக் கொடுத்தாலும் ஓட்டும் அது,
பாதி இறங்கிய படத்தை,
கீறல் விழுந்த ஞானஸ்நான சிடியை.
அதிலும் அதே மஞ்சள் பெட்டி.
அப்படியென்றால் அந்தப் பெட்டிதான் படம்.
அதைத் தவிர யாரும் எதையும் பிடிக்கவில்லை.

இதை எப்படிச் சொல்ல.

"நாப்பத்தேழு நிமிசம்னு போட்டிருக்கு,
ஆனா எழுநூறு கேபிதான் இருக்கு பாரு.
ஆறு ஆளு, ஒரு சொவரு, ஒரு கம்பி,
இதுக்குள்ள அடங்காது."

"அவரு இப்ப மெலிஞ்சிருப்பாருக்கா" என்றாள்.

அவள் சிரிக்கவில்லை.

"சத்தமாச்சும் வருதா பாருங்க."
ஹெட்போனை மாட்டிவிட்டேன்.
கச்சான் காற்று ஷட்டரை ஆட்டுவதுகூட
அவளுக்குக் கேட்காது இப்போது.
கேட்டுக்கொண்டே இருந்தாள்.
கறுப்பில் அவள் முகம் தெரிந்தது,
அவள் பின்னால் ரோடு,
தண்ணீர் ஒழுக ஐஸ் வண்டி ஒன்று,
பள்ளிக்கூட ஆட்டோ.
இரண்டு பேர் வந்து ஜெராக்ஸ் கேட்டார்கள்,
அப்புறம் வரச் சொன்னேன்.

பச்சைப் பொத்தான்மேல் எலியை நிறுத்தினேன், அமுக்காமல்.
அடியில் முகவரி தெரிந்தது.
எண்ணும் எழுத்தும் கலந்த குப்பை,
எந்த ஊரும் இல்லை அதில்.
ஆனால் மேலே எங்கள் ஊர்ப் பேர் சரி.
எண்ணிக்கை சரி.
அதுதான் எனக்குக் கூசியது.
ஆறு என்று தெரிந்துகொண்டு,
எங்கோ உட்கார்ந்து ஒருவன் டைப் அடித்திருக்கிறான்.

ஹெட்போனைக் கழற்றி அவளே வைத்தாள்.
"அழிச்சிருங்க."
அழித்தேன். குப்பைத் தொட்டியிலிருந்தும்.
யாருக்கும் அனுப்ப வேண்டாமென்று கொழுந்தனிடம் சொல் என்றேன்.
மற்ற அஞ்சு வீட்டுக்கும் நேற்றே போயாச்சு என்றாள்.
பத்து ரூபாய் வைத்தாள்.
"ஒண்ணும் பாக்கலையேம்மா."
"கரண்டு செலவாச்சுல்ல."

அஞ்சு வீட்டுக்கும் போன் போட்டேன்.
செவத்தியாள் வீட்டில் முந்தியே அமுக்கிவிட்டார்கள்.
மகன் போன் சூடாகிக் கிடக்கிறதாம்,
"படம் இன்னும் வரல, வந்துரும்ல?"

ஒன்றை ரெக்சலினிடம் சொல்லவில்லை.
அழிக்குமுன் ஒரு நகல் எடுத்திருந்தேன்.
ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு,
எதற்கும் ஆகாத பழைய லேப்டாப்பில்,
நெட்டை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு,
திறந்தேன்.
என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.
மஞ்சள் பெட்டி.
பாலத்துப் பக்கம் ரயில் கூவிப் போயிற்று.
கொசு கடித்தது.
கில்டாஸ் கடைசியாய் வந்தது டோக்கன் ஜெராக்ஸுக்கு,
சில்லறை பாக்கி மூன்று ரூபாய், நான் தரவேண்டியது.

நாற்பத்தேழாவது நிமிடம் முடிந்து
மஞ்சள் தானாக அணைந்தது.
மறுபடி முதலிலிருந்து ஓட்டவா
என்று கேட்டது.