பக்கத்துக்கு மூணடி

புதுவயல் பேரூராட்சி, இரண்டாம் ஜன்னல்.
அரிசி மில்லில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்,
முழங்கைவரை தவிடு.

பட்டா இருக்கிறது. வில்லங்கச் சான்று இருக்கிறது.
புலப்படத்தில் என் மனை,
பல்லிடுக்கில் சிக்கிய குருணைபோல.
தீர்வை ரசீது மட்டும் இன்னும் மாமனார் பெயரில்.
"அவர் கையெழுத்து வேணுமேம்மா."
"அவர் செத்துப் பதினோரு வருசம் சார்."
"அப்ப இறப்புச் சான்று."

பிளான் போட்ட ஜபருல்லா சொன்னார்:
பக்கத்துக்கு மூணடி விடணும், முன்னால் அஞ்சு.
பதினாறடி மனை.
விட்டது போக, சுவர்க் கனம் போக,
எட்டரை.
வடக்கே செட்டியார் வீட்டுப் பின்கட்டுச் சுவர்
எங்கள் எல்லைக்கல்லை உரசிக்கொண்டு நிற்கிறது.
அதைக் காட்டிக் கேட்டேன்.
"அது சட்டத்துக்கு முந்தினது" என்றார்,
பென்சிலைக் காதில் செருகியபடி.

கட்டிலைக் குறுக்கே போட்டால் கதவு திறக்காது.
படத்தில் திறந்தேதான் இருக்கிறது,
கால்வட்டமாக, லட்சணமாக.

இறப்புச் சான்று வாங்க ஒன்றரை மாதம்.
பிறகு கம்ப்யூட்டர் சென்டரில் ஏற்றினோம்.
ஓடிபி திருப்பூருக்குப் போனது, அடைக்கம்மை போனுக்கு.
ஷிப்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள்.
பத்து நிமிடம்தான் செல்லும் என்றான் பையன்,
பத்தும் ஆனதும்
அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

ராத்திரி ஒன்பதுக்குப் பேசினாள்:
"ஆறு நம்பர் வந்திருக்கும்மா, என்னது அது?"
"உன் ரூம்" என்றேன்.

சிரித்தாள். அப்புறம்
ஒவ்வொன்றாகச் சொன்னாள்.
செல்லாதென்று தெரியும்,
இருந்தாலும் எழுதிக்கொண்டேன்,
கூலிக் கணக்கு நோட்டில்,
கொஞ்சம் இடம் விட்டு.