தேதி முத்திரை

பவர்லூம் சத்தம் ஓயாத ஊர் இது.
பொதட்டூர்பேட்டையில்
'அமைதி காக்கவும்' என்று எழுதியிருப்பது
இந்த நூலகத்தில் மட்டும்தான்.
அந்தப் பலகையும்
சுவர் அதிர்ந்து அதிர்ந்து
ஒற்றை ஆணியில் தொங்குகிறது.

ஹேமாத்ரியை அவன் அம்மா
காலரைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டாள்.
"நாலாவது மேடம். எழுத்துக் கூட்டத் தெரியும்,
கூட்டமாட்டான்.
நீங்களாவது ஏதாவது பண்ணுங்க."
தறி காத்திருந்தது, போய்விட்டாள்.

நான் என்ன பண்ண?
யானைப் படம் போட்டதைக் காட்டினேன்,
முதலையைக் காட்டினேன்,
நிலாவுக்குப் போன நாயைக்கூடக் காட்டினேன்.
"சதவனு" என்றான்.
எனக்குத் தெலுங்கு தெரியாது என்ற நினைப்பு.
படிக்க மாட்டானாம்.
வீட்டில் ஒரு பேச்சு, பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு;
இரண்டுக்கும் நடுவில்
நகரி மலை மாதிரி
மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு
வாய் மூடி உட்கார்ந்திருந்தான்.

கண் மட்டும் என் தேதி முத்திரை மேலேயே.
ரப்பர் சக்கரத்தைத் திருகினால் நாள் மாறும்.
ஊதா மையில் தொட்டு ஓங்கினால்
நாடா போய் முட்டுகிற சத்தம்.
கொடுத்தேன்.
விதிப்படி தப்பு.

தினமும் வந்தான்.
வந்த புத்தகம் போன புத்தகம் எல்லாவற்றிலும் அடித்தான்,
தன் முழங்காலில் ஒன்று,
என் வருகைப் பதிவேட்டில்
நான் வராத செவ்வாய்க்கிழமை மேல் ஒன்று.
படி என்று நான் சொல்லவில்லை.
சொன்னால்
முத்திரையை வைத்துவிட்டுப் போய்விடுவானோ என்று பயம்.

மழைக்கு முந்தின புழுக்கத்தில் ஒரு நாள்
கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை உருவி வந்தான்.
கரையான் தின்றது போக மீதி அட்டை.
ஒட்டியிருந்த தாளில் ஒரே ஒரு தேதி.
அந்தத் தேதியில் அவன் அம்மாவே
பாவாடை சட்டையில் பள்ளிக்குப் போயிருப்பாள்.
"இதுக்கப்புறம் மேடம்?"
யாரும் எடுக்கலை.
"யாருமேவா?"
யாருமே.

"பாபம்" என்றான்,
அடிபட்ட ஓணானைப் பார்த்தவன் போல.
அதில் அரை எழுத்துத்தான் தெலுங்கு.
இரண்டாவது தேதியைத் தானே அடித்தான், கோணலாக.
நனைந்த நாய்க்குட்டியைக் கொண்டுபோவதுபோல்
சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான்.
படிக்க என்று நான் நினைக்கவில்லை.

கெடு முடிந்தது. அபராதம் எழுதக் கை வரவில்லை.
சந்தையில் அவன் அம்மா சொன்னாள்,
"தலகாணிக்கடியில வெச்சிக்கினு
என்னவோ முணுமுணுக்கிறான் மேடம்.
தறிச் சத்தத்துல கேக்கல."
கத்தரிக்காய் விலையைக் கேட்டேன் நான்.
அதை மேலே தோண்டினால்
நின்றுபோகும் என்று தோன்றியது.

பிறகொரு சனிக்கிழமை
கதவு சுவரில் மோத உள்ளே வந்தான்.
புத்தகத்தை மேசையில் போட்டான்.
"கடைசிப் பக்கம் எங்க?"
புரட்டினேன். தொண்ணூற்றாறோடு சரி.
எங்களுக்கு முந்திக்கொண்டு
கரையான் முடிவைத் தின்றிருந்தது.

"படகுக்காரன் திரும்பி வந்தானா இல்லயா?
தண்ணி ஏறினே இருக்குது.
ஆட்ட அவுத்து விட்டானா?"
மூக்கு விடைத்து, கண் சிவந்து,
புத்தகத்தின் மேல் இவ்வளவு கோபத்தை
இந்த அறையில் நான் கண்டதில்லை.
தெரியாது என்றேன்.

"நீங்க படிக்கலயா மேடம்?"

பதினோரு வருஷமாக அந்தத் தட்டைத் துடைக்கிறேன்.

திருத்தணிக்குப் போன் போட்டேன். இல்லை.
திருவள்ளூரில் தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள்,
இன்னும் தேடுகிறார்கள்.
அவன் தினமும் வாசலில் நின்று
புருவத்தால் கேட்டுவிட்டுப் போகிறான்,
முத்திரையைத் தொடுவதில்லை.

மூன்றாவது தேதி என்னுடையது.
நேற்று ராத்திரி கரண்ட் போய்
ஊர்த் தறியெல்லாம் ஒரே மூச்சில் நின்ற நேரம்
மெழுகுவர்த்தியில்
எழுபத்தெட்டாம் பக்கத்தில் இருந்தேன்.
தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.
ஆடு இன்னும் கட்டித்தான் கிடந்தது.