நடுக்கோடு

உம்ஷ்லாங்கா மேட்டில் ஏழாம் மாடி.
ஒரு ஜன்னலில் கடல்,
மறு ஜன்னலில்
கரும்பு வெட்டிய சரிவில் புதிதாய் எழும்பும் வீடுகள்.
நடுவில் நான்,
இருநூற்றுப் பதினான்கு நிதித் தலைவர்களின் சம்பளத்தை
ஒரே தாளில் தூவிக்கொண்டிருக்கிறேன்.

படுத்த கோட்டில் கம்பெனியின் விற்பனை.
நிமிர்ந்த கோட்டில் ஆளின் விலை.
பேர் கிடையாது, எண்தான்.
கலைந்த எறும்புச் சாரியாய்ப்
புள்ளிகள் மேலே ஏறுகின்றன.

பத்து மடங்கு பெருத்த கம்பெனி
இரண்டு மடங்கு கொடுக்கிறது.
ஏன் பத்து இல்லை என்று யாரும் கேட்டதில்லை.
ஏன் இரண்டு என்றும்தான்.

பிறகு நிறம் பூசுவேன், தொழிலுக்கு ஒன்றாக.
சுரங்கத்துக்குச் செம்மண்,
கோட்டைத் தொடாமல் உயரத்தில் மிதக்கும்.
வங்கிக்கு நீலம், அதற்கும் மேலே.
ஆஸ்பத்திரிக்கு வெள்ளை வைத்தேன்,
தாளில் காணாமல் போனார்கள், மாற்றினேன்.
சர்க்கரை ஆலைகள் கோட்டைக் கட்டிக்கொண்டு கிடக்கின்றன.
துணிக்கடை, மரச்சாமான், பேருந்து
கோட்டுக்குக் கீழே,
மழைக்கு ஒதுங்கியவர்கள் போல.

எழுதித் தேறியது ஒரே பரீட்சை.
ஐந்தொகையின் அடியில் போடுவது ஒரே கையெழுத்து.
தங்கத்தின் அடியில் போட்டால் ஒரு விலை,
தலையணை உறையின் அடியில் போட்டால் ஒரு விலை.

எண் 163 யாரென்று எனக்குத் தெரியும்.
தெரியக் கூடாது. தெரியும்.
ஃபீனிக்ஸில் எழுபது பேருந்து ஓடும் கம்பெனி,
கோகிலம் படையாச்சி,
பயிற்சிக் காலத்தில் எனக்குப் பக்கத்து மேசை.
டீசல் பாக்கிக்குத் தானே ஃபோனில் கெஞ்சுவாள்,
வெள்ளிக்கிழமைக் கூலிக் கவர்களைத் தானே எண்ணுவாள்,
மின்வெட்டில் ஜெனரேட்டரை முடுக்கிவிட்டு வந்து
தணிக்கைக்காரர்களுக்குப் பதில் எழுதுவாள்.
கேட்டைப் பூட்டுவதும் அவள்தான்.

எண் 8 ஜோகன்னஸ்பர்க்.
அவருக்குக் கீழே நானூறு பேர்.
குழி மூடியது, பங்கு விழுந்தது.
விலகிய அன்று அவர் கையில் வாங்கியது
கோகிலத்தின் இருபத்திரண்டு வருடம்.
யானை இருந்தாலும் ஆயிரம் பொன்,
இறந்தாலும் ஆயிரம் பொன்.
நான் அதை அடிக்குறிப்பில் இப்படி எழுதினேன்:
'பணிவிலகல் தொகை, ஒருமுறை மட்டும்.'

இன்று மூன்று மணிக்கு ஊதியக் குழு,
ஒரு மரச்சாமான் கம்பெனிக்கு.
தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.
“நம்ம ஆள் எங்கே நிற்கிறார்?”
நடுக்கோட்டின் மேலேயே, சார்.
“அப்போ சராசரி ஆளையா வைத்திருக்கிறோம்?”
நடு வேறு, சராசரி வேறு. நான் திருத்தவில்லை.
ஐந்து பேரும் சிரித்தார்கள்.
நூறு படியில் எழுபத்தைந்தாம் படிக்கு
அவரை ஏற்றிவிட்டார்கள்.
பதினொரு நிமிடம். தட்டில் பிஸ்கட் பாக்கி.

போன வருடம் சர்க்கரைக்காரர்களும் இப்படித்தான்.
அதற்கு முன் துறைமுகத்தார்.
எல்லாரும் நடுவுக்கு மேலே போகப் போக
நடுவும் எழுந்து அவர்கள் பின்னால் நடக்கிறது.
அடுத்த ஜூலையில் அதை வரைவேன்,
'சந்தை உயர்வு' என்று தலைப்பிடுவேன்,
பில் அனுப்புவேன்.

மாலை, சிக்னலில் நிற்கும்போது கோகிலத்தின் செய்தி:
“முதலாளி சம்பளம் பேசக் கூப்பிட்டிருக்கார்.
என்னை மாதிரி சின்ன கம்பெனியில,
பஸ் தொழில்ல, என்ன குடுக்கறாங்க?
உனக்குத் தெரியுமே.”

தெரியும்.
அந்த அளவில், அந்தத் தொழிலில்
என் தாளில் மூன்றே புள்ளி.
ஐந்துக்குக் குறைந்தால் வெளியிடக் கூடாது என்பது விதி.
மேலே ஒருவர், கீழே ஒருவர்,
நடுப்புள்ளி 163.
அவள் கேட்கும் சந்தை அவள்தான்.

பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன்.
ஓரம் கட்டி எழுதினேன்:
“எழுபத்தைந்தாம் படி கேள்.”
மூன்று பேரில் அது எங்கே விழும் என்று
எழுதவில்லை.
கணக்கு அவளுக்கு வரும்.