பெயிண்டின் மேல் ஒரு போல்ட்

"பாட்டுக்குள்ளே ஒரு கொசு இருக்கிறது"
என்றான் ரோசமேல் ஓயார்சோ.
புந்தா அரேனாஸ் காற்றில் எந்தக் கொசு நிற்கும் என்றேன்.
சிரிக்கவில்லை.
நண்டுப் படகில் மூன்று மாதம் கிடந்த கை
சாவியை என் மேசையில் வைத்தது.
சம்பளத்தில் பாதி அந்த வண்டியின் டிக்கியில் இருக்கிறது.
ஸ்டீரியோவை இரண்டு முறை மாற்றிவிட்டானாம்,
இரண்டாவதற்கு இன்னும் நான்கு தவணை பாக்கி.

எஞ்சினைப் போட்டேன்.
வந்தது.
மிதித்தால் ஏறி, விட்டால் இறங்கி,
பாடகி மூச்சு வாங்கும் இடம் பார்த்து
உள்ளே நுழைகிற மெல்லிய ஊளை.
அணைத்தேன். இல்லை.
ஆல்டர்நேட்டர் சத்தம் இது என்றேன்.
"எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், நெவென்கா.
சொல்லிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டார்கள்."

பவர் வயரும் சிக்னல் வயரும்
ஒரே கம்பளத்தடியில் ஒட்டிப் படுத்திருந்தன.
பிரித்தேன்.
ஒன்றை இடப்பக்கமாகவே விட்டு
மற்றதை வலக்கதவு ஓரமாய் இழுத்தேன்.
ஒன்றரை மணி நேரம், ஒரு நகம்.
ஊளை அப்படியே.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து சிக்னலைப் பிடுங்கினேன்: அமைதி.
அந்த இடத்தில் என் போனைச் சொருகினேன்:
பாட்டு, சுத்தமாய், கழுவி வைத்த டம்ளர் மாதிரி.
ஸ்டீரியோவைத் திரும்பச் சொருகினேன்: கொசு.
அவன் ஷெட் வாசலில் நின்று
ஜலசந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
தகரக் கூரை தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டது.

ரப்பர் காலில் நிற்கும் வண்டிக்கு
மண் ஏது?
தன் உடம்பையே மண் என்று நம்பி
அதில்தான் எல்லாவற்றையும் இறக்கி வைக்கிறது.
அந்த நம்பிக்கை ஓரிடத்தில் பொய்யானால்
இறங்க வழியில்லாத மின்சாரம்
பாட்டு வரும் பாதையில் திரும்பி வரும்.
மீட்டரை வைத்தேன்.
சுழி காட்டவேண்டிய முள்
சுழிக்கு வர மனமில்லாமல் நின்றது.

பின் சீட்டைக் கழற்றினேன்.
மணல், சூரியகாந்தி விதைத் தோல், ஒரு பத்து பெசோ.
அதற்கும் கீழே
எர்த் வயரின் முனை.
முனையில் மஞ்சள் ஸ்லீவ்,
ஸ்லீவின் மேல் பெருக்கல் குறி போட்டாற்போல்
இரண்டு பிளாஸ்டிக் கட்டு.
இந்த ஊரில் அப்படிக் கட்டுகிறவள் ஒருத்திதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால்
செப்டம்பர் விடுமுறைக்கு முந்தின நாள்.
வண்டி அப்போது பேக்கரிக்காரர் ஸ்வோனிமிருடையது.
வெளியே இன்னும் இரண்டு வண்டி ஹாரன் அடித்தன.
சுரண்டவில்லை.
பெயிண்டின் மேலேயே போல்ட்டை வைத்து இறுக்கி
"பிடிக்கும், போ" என்று
வாய்விட்டுச் சொன்னதுகூட நினைவிருக்கிறது.
பிடித்தது, ஒரு குளிர்காலம்.
பிறகு உப்பு வந்தது.

கையும் களவுமாய்
என்னையே நான் பிடித்த அந்த நேரம்
ஷெட்டில் வேறு யாரும் பார்க்கவில்லை.
அதுதான் சங்கடம்.

உப்புத்தாளால் தேய்த்தேன்,
தேவைக்கு மேலேயே தேய்த்தேன்.
பச்சை உரிந்து, சாம்பல் உரிந்து
இரும்பு வெட்கமில்லாமல் பளபளத்தது.
பல் வாஷர், புது போல்ட், மேலே கிரீஸ்.
எஞ்சினைப் போட்டு அழுத்தி மிதித்தேன்.
பாடகி மூச்சு வாங்கினாள்.
மூச்சு மட்டும்.

ரோசமேல் முன்சீட்டில் உட்கார்ந்து
ஒரு முழுப் பாட்டு கேட்டான், கதவை மூடிக்கொண்டு.
இறங்கி வந்தான்.
"எந்த மடையன் அதை அப்படிப் போட்டது?"

"மடையன் இல்லை" என்றேன்.
"மடச்சி."

புரியச் சற்று நேரம் ஆனது.
என்னைப் பார்த்தான், மஞ்சள் ஸ்லீவைப் பார்த்தான்,
நகம் போன விரலைப் பார்த்தான்.
எடுத்த பணத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.
பிறகு என்ன நினைத்தானோ,
இரண்டு சிகரெட்டை மேசையில் வைத்துவிட்டு
வண்டியைக் கிளப்பினான்.

தெருமுனை வரை போயிருப்பான்.
பிரேக் விளக்கு எரிந்தது.
ஊளை போன காதில் இப்போது
பின் நம்பர் பிளேட் தடதடப்பது கேட்டிருக்கும்.
எனக்கே இங்கிருந்து கேட்டது.
ரிவர்ஸில் வந்துகொண்டிருக்கிறான்.
அதை நான் போடவில்லை, சத்தியமாக.