ஏழாம் இரும்பு

பதினோரு வருசம் பாலைவன நகரத்தில்
புல்லுக்குத் தண்ணி காட்டினேன்.
விடிய ஐந்தரைக்கே வந்து நிற்பார்கள்.
எந்த மைதானம் கடினம் என்றுதான் கேட்பார்கள்.
எது லேசு என்று ஒருவரும் கேட்டதில்லை.
லேசானதற்கா இவ்வளவு காசு கட்டுகிறோம் என்று
ஒருத்தர் சிரித்தார், கையுறையைப் பல்லால் இழுத்தபடி.

அவருக்காகக் குளத்தை முன்னுக்கு இழுத்தோம்.
மணற்குழியை ஆள் மறையும் ஆழத்துக்குத் தோண்டினோம்.
குழிக்குள் கொட்டிய மணல் கப்பலில் வந்தது.
வேலிக்கு வெளியே கண் எட்டாத தூரம் மணல்தான்,
ஆனால் அது உருண்டை மணலாம்,
பந்து புதைந்துவிடுமாம்.
பாலைவனத்துக்கு மணல் இறக்கிய கதையைப்
பொனிப்பாசுக்குச் சொன்னேன்.
"நீ அங்க குடிச்சிருக்கிறாய்" என்றான்.

வரும்போது கொண்டுவந்தவை:
குளத்துச் சேற்றில் காலால் தடவி எடுத்த பந்துகள்,
ஒரு தலையணை உறை நிறைய.
யாரோ கோபத்தில் மரத்தில் அடித்து எறிந்த,
கழுத்து வளைந்த ஏழாம் இரும்பு.
கட்டுநாயக்காவில் சுங்கத்துப் பெடியன்
நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மணற்காட்டில் ஞாயிறு பூசை முடிந்தபின்
நானும் பொனிப்பாசும் குழி தெரியப் போவோம்.
முதல் நாள் றோட்டோரம் தட்டையான இடம் காட்டினேன்.
பால்மாப் பேணியைக் கழுத்தளவு புதைத்தேன்.
நாற்பதாவது அடியில் போட்டான்.
போட்டுவிட்டு முகத்தைக் கோணினான்.
"இது சின்னப்பிள்ளையள் விளையாட்டு.
கஷ்டமா ஒண்டு காட்டு."
நாற்பது அடி அடித்தவன்!

பிறகுதான் தேடத் தொடங்கினோம்.
தாழம்புதருக்கு அந்தப் பக்கம் ஒன்று.
சவுக்குகளுக்கு நடுவே ஒன்று:
சோளகம் எழும்பினால்
பந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும்.
இடிந்த பழைய கோயிலுக்குள்ளே ஒன்று,
யன்னல் வழியாகப் போனால்தான் கணக்கு.
அந்த ஒன்றுக்கு மட்டும் பொனிப்பாஸ்
தொப்பியைக் கழற்றிவிட்டு அடிப்பான்.
எட்டாவது, போன கிழமை இருந்த இடத்தில் இல்லை.
மேடு பேணியையும் கொண்டு நகர்ந்துவிட்டது.
இப்படி ஒரு குழி கட்ட
அங்கே எந்தப் பணக்காரனாலும் ஏலாது.

குளங்களைச் சுற்றிச் சிவப்பு முளை அடித்ததும்
நான்தான்.
பந்து தாண்டினால் ஓர் அடி தண்டம்,
சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக்
குறித்துக்கொள்வார்கள்.
லீவில் வந்த வருசம், முகமாலையில்,
பஸ் யன்னலுக்கு வெளியே
அதே உயரம், அதே சிவப்பு.
என் கை தன்பாட்டில் எண்ணத் தொடங்கியது.
இங்கேயும் ஓர் அடிதான்.
அட்டை ஒருவரிடமும் இல்லை.

ஆவணியில் பொனிப்பாசின் மச்சான் வந்தார்,
ஸ்கார்புறோவிலிருந்து,
பதினாலு தடியும் சில்லு வைத்த பையுமாக.
சில்லு மணலில் உருளவில்லை, தோளில் சுமந்தார்.
மூன்றாவது குழியில் இருந்துவிட்டார்.
"சமதரை எங்கயும் இல்லையோ தம்பி?"
கேட்டவர் அவர் ஒருவர்தான்,
பதினோரு வருசத்திலும் இந்த ஒன்றிலும்.
எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.
செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தேன்.

ஒன்பதாவது இன்னும் தெரிவாகவில்லை.
மேட்டின் உச்சியில் நின்று
கடலைக் காட்டினான் பொனிப்பாஸ்.
"அந்த வள்ளத்துக்க பேணியைக் கட்டி,
நங்கூரம் போட்டு நிப்பாட்டினா?"
அலையோடு ஏறி இறங்கும் குழி.
தலையணை உறையைத் தடவிப் பார்த்தேன்,
இருபத்துமூன்று பந்துதான் மிச்சம்.
தாண்டு போகுமடா என்றேன்.
"பந்தோ, வள்ளமோ?" என்று கேட்டான்,
சரிவில் பாதி தூரம் இறங்கிக்கொண்டே.