இரண்டாம் பூச்சு

"மூன்று மாதம் சும்மா இருக்கச் சம்பளம்,
கொடுத்து வைத்தவர்" என்கிறார்
பல் மருத்துவர்,
என் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு.
பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துத்தான்
எல்லோரும் இதைச் சொல்கிறார்கள்.

பத்து மாதச் சம்பளத்தைப்
பன்னிரண்டாக நறுக்கித் தருகிறது கல்வி மாவட்டம்.
ரொட்டி அதேதான். துண்டுதான் மெல்லிசு.

கடைசிக் கட்டு விடைத்தாள் முடிந்ததும்
இரண்டு நாள் தூங்கினேன், ஒப்புக்கொள்கிறேன்.
மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு
வாசலில் வந்து நின்றது டெனிஸின் வேன்.
டெனிஸ் கோவால்சிக், வேதியியல், அறை எண் 214.
வேனின் கூரையில் இரண்டு ஏணி,
உள்ளே சுரண்டி, உப்புத்தாள், பதினெட்டு கேலன் வெள்ளை.

டுலூத்தில் குளிர்காலம் முழுக்க
ஏரிக்காற்று வீடுகளின் தோலை உரிக்கிறது.
கோடையில் நாங்கள் அதைத் திரும்பப் பூசுகிறோம்.
காற்று இல்லாவிட்டால் எங்களுக்கு வாடகை இல்லை.

"கரைப்பான் ஆவியாகப் போகும், பிசின் பிணைந்து நிற்கும்"
என்று சுவரைப் பார்த்துப் பாடம் எடுக்கிறாள் டெனிஸ்.
கை தூக்க யாரும் இல்லை.
எனக்கோ பத்து நாற்பதுக்குச் சரியாக
சிறுநீர்ப்பை மணிக்காகக் காத்திருக்கிறது.
பத்தொன்பது வருடப் பழக்கம்,
ஏணி உச்சியிலும் விடுவதில்லை.

செவ்வாய்தோறும் பயிற்சி வகுப்பு, சொந்தச் செலவில்.
சனிக்கிழமை கராஜ் விற்பனைகளில்
ஐம்பது சென்ட்டுக்கு அட்லஸ்.
ஒன்றில் சோவியத் யூனியன் இன்னும் உயிரோடு இருந்தது.
வாங்கிக்கொண்டேன். நான் வரலாறுதானே.

ஜூலை நடுவில் கிழக்கு ஏழாம் தெருவில் ஒரு மாடி வீடு.
வீட்டுக்காரர் வேறு எங்கோ இருக்கிறார்,
காசோலை மட்டும் வந்தது.
மேல் ஜன்னல் சட்டத்தைச் சுரண்டிக்கொண்டே
உள்ளே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

ஐசக் ரின்டலா.
இரண்டாம் வகுப்புவேளை, பின்வரிசை,
தாமதம், தாமதம், வரவில்லை, தாமதம்,
பதினான்கு பூஜ்யம்.
மதிப்பெண் மென்பொருளில் எங்களுக்காகத்
தயாராய் வைத்திருக்கும் வாக்கியங்களில்
எட்டாம் எண்ணைத் தட்டியிருந்தேன்:
முயற்சி போதாது.

சோபாவில், காலணியைக் கூடக் கழற்றாமல்,
மருத்துவமனைச் சலவைப் பிரிவின் அட்டை கழுத்தில் தொங்க
ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.
அவன் தோளில் ஒரு குழந்தை.
ஜன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல்,
நடந்துகொண்டே
டயப்பர் பெட்டியின் பின்பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தான்,
எடை, அளவு, எச்சரிக்கை எல்லாம்,
ஏற்ற இறக்கத்தோடு,
வருடம் முழுக்க நான் ஒருமுறைகூடக் கேட்டிராத குரலில்.

திரும்பினான்.
சுரண்டி என் கையில் அப்படியே நின்றது.
ஜன்னலைத் தூக்கினான், பாதிக்கு மேல் போகவில்லை.
பழைய சாயம் ஒட்டியிருந்தது.

"மிஸ்டர் லிண்ட்க்விஸ்ட்?"
"நான்தான்."
"வேலையை விட்டுட்டீங்களா?"
"இல்லை. இது கோடை."

அதை யோசித்தான்.
குழந்தை அவன் காதைப் பிடித்து இழுத்தது.
எட்டாம் எண் வாக்கியம்
என் தொண்டைக்குள் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது,
பல் மருத்துவரின் பஞ்சு மாதிரி.
நான் சொல்ல நினைத்தது ஒன்று,
கேட்டது வேறு: "பேர் என்ன?"
"ஹில்மா. பல் முளைக்குது, அதான்."

பிறகு தலையை வெளியே நீட்டி,
நேற்று நான் பூசிய இடத்தைப் பார்த்தான்.
"அங்க, சட்டத்துக்குக் கீழ, விட்டுட்டீங்க."

விட்டுத்தான் இருந்தேன்.
உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பச்சை.
அவன் பார்த்துக்கொண்டிருக்க, பூசினேன்.
"இன்னொரு தடவை பூசணும்" என்றான்.
"காயட்டும்" என்றேன்.

ஆகஸ்ட் இருபது வரை மதிப்பெண் பக்கம் திறக்காது.
திறந்தாலும் போன வருடத்தைத் தொட விடாது.

கீழே இறங்கியதும்
ஒரு ஜன்னலுக்கு இவ்வளவு நேரமா என்றாள் டெனிஸ்.
பழைய பச்சை மேலே வந்துகொண்டே இருக்கிறது என்றேன்.